யார் பற்றவைத்தது

பிப்ரவரி. டுலூத்தில் ஏரியே கல்லாகிவிட்டது.
பனி தள்ளும் லாரியை வாசலில் உறுமவிட்டு
டார்லீன் பெல்கொனன் உள்ளே வந்தாள்,
இடுப்பில் ஓர் ஆம்ப்ளிஃபயரோடு.
"போட்டதும் பொரியுது. அப்புறம் மூச்சே இல்லை."
கையுறையைக் கழற்றாமலே நிபந்தனையும் வைத்தாள்:
"ஏழுக்கு மேல திருப்பினா ஓரம் கொஞ்சம் கிழியும்.
அதை மட்டும் சரிபண்ணிடாதே, ராய்."

ஐம்பத்தொன்பதில் செய்தது.
துணியில் சிகரெட் நெடி,
மேற்பலகையில் பியர்க் குவளைகள் விட்டுப்போன வட்டங்கள்,
வட்டத்தின் மேல் வட்டம்.

நான்கு திருகுகள். பின்பலகை கழன்றது.
முதல் வேலை, தேங்கிய மின்சாரத்தை வடிப்பது.
பிளக்கைப் பிடுங்கி நாள்கணக்கானாலும்
நானூறு வோல்ட் அங்கேயே உட்கார்ந்திருக்கும்,
வட்டிக்கு விட்டவன் வாசலில் உட்கார்வதுபோல.
இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும்
குறுக்கு வழியில்தான் இதயம் இருக்கிறது.

உள்ளே, ஒரு துண்டு ஒட்டுநாடா.
பென்சிலில்: ஐரீன்.
தொழிற்சாலையில் இதற்குக் கம்பி இழுத்தவள்.
வளைவெல்லாம் ஒரே கோணம், ஈயம் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.
இந்த மூலையில் மட்டும் கோணம் சற்றுத் தளர்கிறது.
சாப்பாட்டு மணிக்குப் பிறகு செய்ததாக இருக்கும்.
எந்த ஐரீனோ. அவளுக்குக் கிட்டார் பிடித்திருந்ததா
என்றுகூடத் தெரியாது.

ஐரீனுக்குப் பின் வந்தவன் கசாப்புக்காரன்.
ஈயத்தைக் கோழி எச்சம்போல அப்பியிருந்தான்.
கம்பியின் தோல் கருகி, ஒரு முனை
தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது.
பொரிவது இங்கேதான்.
அவன் தாயாரை இழுக்காமல்
மற்ற எல்லாரையும் இழுத்துத் திட்டினேன்.
கடையில் நாய் மட்டும் இருந்தது, அது எழுந்து போய்விட்டது.

பலகையைத் தூக்கிப் பார்த்தால்
அடியில், உலோகத்தில் கீறி,
ரா.ஹா., 94.

என் எழுத்து.
'ஹா'வின் கால் இன்றைக்கும் அப்படித்தான் வழுக்குகிறது.

எதுவும் நினைவில்லை. அப்போது யாருடைய பெட்டி,
எவ்வளவு வாங்கினேன். தாதுத் துறையில்
ஆள் குறைத்த வருடம் அது;
தபாலில் வந்த பாடம் பாதி படித்துவிட்டு
கடைப் பலகை மாட்டியிருந்தேன்.
திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள
மரியாதையான வழி ஏதாவது இருக்கிறதா என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.

அத்தோடு முடியவில்லை.
அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர்.
வரைபடம் கேட்பது ஆயிரத்து ஐந்நூறு ஓம்: பழுப்பு, பச்சை, சிவப்பு.
நான் வைத்திருந்தது எண்ணூற்று இருபது: சாம்பல், சிவப்பு, பழுப்பு.
கையிருப்பில் இருந்ததை வைத்திருப்பேன், வேறென்ன.
ஏழுக்கு மேல் ஓரம் கிழிவது
இதனால்தான்.

வீங்கிய கெபாசிட்டர்கள் மூன்றையும் மாற்றினேன்.
எச்சத்தை உறிஞ்சி எடுத்தேன்.
பிறகு இழுப்பறையில் தேடி
இன்னொரு சாம்பல், சிவப்பு, பழுப்பு.
ஐரீனின் கோணத்தில் வளைத்து, ஒரே சொட்டு.
தப்பை இந்த முறை ஒழுங்காகச் செய்தேன்.

வியாழக்கிழமை டார்லீன் வந்தாள்.
சுவிட்சைத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம்.
இதற்கு அரை நிமிடம் வேண்டும்;
வால்வுகள் மெல்லச் சிவக்கும்,
அவசரக்காரர்கள் அதற்குள் வேறொன்றை வாங்கிவிடுவார்கள்.
என் மருமகன் தொலைபேசியில் இதுபோல் நாற்பது பெட்டிகளின்
குரலை வைத்திருக்கிறான். நல்ல குரல்கள்தான்.
நாற்பதிலும் யாரும் தப்பாகப் பற்றவைத்ததில்லை.

மெதுவாகத் தொட்டாள், மெதுவாகச் சொன்னது.
ஓங்கி அடித்தாள்.
பெட்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்து, தாழ்ந்து,
பிறகு முழுத் தோளோடு எழுந்தது.
ஏழு. எட்டு.
ஓரம் கிழிந்தது,
கனத்த கான்வாஸ் துணி கிழிகிற மாதிரி.

"விட்டுட்டியே, தேங்க்ஸ். யார் செஞ்சானோ மகராசன்."
"யாரோ" என்றேன்.
கெபாசிட்டர் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன்.
அவள் ஏன் என்று கேட்பதற்குள்
வெளியே லாரியின் பின்னால் நின்ற கார்
ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டது.